பதினேழாவது மூட்டு

ஹட்டனில் காருக்குக் குளிர் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, என் கராஜ் வாசலில் நின்று அதையேதான் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. நீங்களும் நேற்று முதலில் அதைத்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் முறைப்படி சொல்லவேண்டியவை. பெயர் அலோசியஸ். வயது நாற்பத்தாறு. பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில். தொழில் மோட்டார் மெக்கானிக். நாட்டுரிமை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். விண்ணப்பம் போட்டுப் பத்து வருஷமாகிறது, பதில் வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காகிதமும் பேனாவும் கொடுத்தார்கள். தெளிவாக எழுதுவேன்.

பொகவந்தலாவையில் கணேசமூர்த்தி முதலாளியின் தோட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரத் தொரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன தோட்டம். போன வருஷம் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். பாசிப்பச்சை நிறம், எங்கள் வளைவுகளுக்கு ஒத்துவராத நீளம். அந்தக் காரில் குளிர் மெஷின் இருந்தது. எனக்குத் தெரிந்து இந்த மலையில் அப்படி ஒன்று அது மட்டும்தான்.

அவர் பெருமைக்காக அதை வாங்கவில்லை. அவருடைய மனைவி பூரணி அம்மாவுக்கு மூச்சு இளைப்பு. மாதம் ஒரு முறை கொழும்பு டாக்டரிடம் போகவேண்டும். கண்ணாடியை இறக்கினால் புழுதி; அது நெஞ்சில் இறங்கினால் இரண்டு நாளைக்குப் படுக்கை. ஏற்றினால் கினிகத்தேனைக்குக் கீழே இறங்கியதும் காருக்குள் அவித்தெடுக்கும். குளிர் மெஷின் இருந்தால் கண்ணாடியை மூடியபடியே போய்வரலாம். காருக்குக் குளிர் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான். அந்த அம்மா மூச்சு விடுவதற்கு.

மெஷினை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் பக்கத்தில் காஸை அழுத்துகிற பாகம் இருக்கிறது. அங்கிருந்து செம்புக் குழாய்கள் காரின் அடிவயிற்றோடு ஓடி, டிக்கியில் உள்ள குளிர்ப்பெட்டிக்குப் போகின்றன. குளிர்ந்த காற்று பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு துவாரங்கள் வழியாக வந்து, பின்சீட்டில் இருப்பவரின் பிடரியில் விழும். குழாய்கள் சேருகிற இடங்களை மூட்டு என்போம். அந்தக் காரில் பதினேழு மூட்டுகள்.

மார்கழியில் குளிர் நின்றுபோனது. டிரைவர் சோலைமலை காரைக் கொண்டுவந்து விட்டான். பெல்ட்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது. விசிறியைக் கழற்றிப் பார்த்தேன், சுற்றியது. வயரில் மின்சாரம் ஓடியது. காஸ்தான் தீர்ந்திருந்தது. மூடிய குழாய்க்குள் இருக்கும் காஸ் தானாகத் தீராது. எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. யுத்த காலத்தில் திருகோணமலைக் கடற்படையில், கப்பல்களுக்கு இறைச்சி வைக்கும் குளிர் அறைகளில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். கசிவைக் கண்டுபிடிப்பது என் கைக்குப் பழகிய வேலை.

கொழும்பிலிருந்து காஸ் வரவழைத்து நிரப்பினேன். சோப்பு நுரையைக் கைக்கு எட்டிய மூட்டுகளிலெல்லாம் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஒன்பது நாள் குளிர் வந்தது. பத்தாம் நாள் சோலைமலை திரும்பவும் வாசலில் ஹாரன் அடித்தான்.

அந்த மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிதாக இறுக்கினேன். மறுபடி காஸ், மறுபடி நுரை. குமிழி இல்லை. இந்த முறை ஏழு நாள். மூன்றாம் முறை ஐந்தே நாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் சாப்பிடும்போது தட்டில் குழாய்கள் ஓடுவது போலவே இருந்தது. பதினாறு மூட்டுகளை என் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, நுரை போட்டு, குற்றமில்லை என்று தீர்மானித்துவிட்டேன். பதினேழாவது மூட்டு பின்சீட்டுக்குப் பின்னால், தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்தது. தகரத்தை வெட்டினால்தான் அதைப் பார்க்க முடியும்.

"வெட்டக் கூடாது" என்றார் முதலாளி. "கொழும்புலருந்து கொண்டுவந்து கார வெட்டவா? நீங்க கசிவுங்கிறீங்க. எங்க கசியுது? அதக் காட்டுங்க, அப்புறம் வெட்டலாம்."

எங்கே என்று காட்டினால் வெட்டலாம். வெட்டினால்தான் எங்கே என்று காட்டலாம். இதை நான் அவரிடம் பொறுமையாக இரண்டு முறை விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, கடைத்தெருவில் நாலு பேர் நிற்கும்போதே சொன்னார்:

"வியாழக்கிழமை சோலைமலை அம்மாவக் கொழும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறான். கார அங்கேயே ஒரு கராஜ்ல விட்டுரச் சொல்லியிருக்கேன். கொழும்புல உள்ளவன் ஒரே நாள்ல முடிச்சிருவான். நீங்க லொறிக்கு பிரேக் கட்டுங்க அலோசியஸ், அதுதான் உங்களுக்குச் சரி."

அதில் எனக்கு வருத்தமில்லை. முதலாளிமார் அப்படிப் பேசுவது வழக்கம். நாலு பேரும் சிரித்தார்கள், அதிலும் வருத்தமில்லை. கொழும்பில் எவனோ ஒருவன் தகரத்தை வெட்டிப் பார்த்து, இதோ இங்கே என்று சுட்டுவிரலை நீட்டுவான் என்பது மட்டும்தான் உறுத்தியது. அந்த இடத்தை நான்கு மாதமாகத் தேடியவன் நான்.

அப்போது திங்கட்கிழமை. மூன்று நாள் இருந்தது. காஸ் தீர்ந்துவிட்டது, புதிதாக வரவழைக்க நேரமில்லை. உட்கார்ந்து யோசித்தபோது ஒரு விஷயம் புரிந்தது. கார் கராஜில் நிற்கும்போது கசியவில்லை. ஓடும்போதுதான், அதுவும் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து, வளைவுகளில் வண்டி முறுக்கிக்கொள்ளும்போதுதான் அந்த மூட்டு வாய் திறக்கிறது. அப்போது நுரை தடவிப் பார்க்க முடியாது. இந்தக் காஸுக்கு நிறமில்லை, மணமில்லை. மணமுள்ள ஒன்றை உள்ளே விட்டால், கசியும்போது அதுவே சொல்லிவிடும்.

மணமுள்ளது எது என்று எனக்குத் தெரியும். திருகோணமலைக் குளிர் அறைகளில் ஓடியது அமோனியா. ஐஸ் ஆலைகளில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை ரயிலேறி நீர்கொழும்புக்குப் போனேன். அங்கே மீன்காரர்களுக்கு ஐஸ் அடிக்கும் ஆலையில் சின்னத்தம்பி வேலை செய்கிறான். என்னோடு திருகோணமலையில் இருந்தவன். ஒரு சிறிய சிலிண்டர் கேட்டேன். அவன் உடனே தரவில்லை.

"எதுக்கண்ணே?"

"ஒரு கார் மெஷினுக்கு. சோதிக்கிறதுக்கு."

"காரா? அதுல செம்புக் குழாயில்ல இருக்கும்? இது செம்பத் தின்னுருமே. சின்னக் கசிவு இருந்தா பெரிசாக்கிரும்."

"தெரியும்."

"ஆள் உக்கார்ற எடம் அண்ணே. மூணாம் நம்பர் அறையில நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. மூன்றாம் நம்பர் அறையில் அமோனியா கசிந்தபோது கதவு சாத்திக்கொண்டு ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். கதவை உடைக்க நாலு நிமிஷம் ஆனது. தூக்கி வெளியே கிடத்தியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இதன் குணம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை, ஐயா. வக்கீல் வைத்தால் அப்படிச் சொல்லச் சொல்வார் என்பதால்தான் வக்கீல் வேண்டாம் என்றேன்.

"ஆள் ஏறாமத்தான் சோதிப்பேன்" என்று சின்னத்தம்பியிடம் சொன்னேன். அவன் கொடுத்தான். அவன் மேல் குற்றமில்லை. அவனிடம் சொன்னது ஒன்று, நான் நினைத்திருந்தது ஒன்று.

நீயே பின்சீட்டில் உட்கார்ந்து சோதித்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. என் மூக்கு செத்துப்போய்ப் பல வருஷமாகிறது. ஆறு வருஷம் அந்தக் காற்றைச் சுவாசித்ததில் போனது. மீன் அழுகினாலும் மல்லிகை பூத்தாலும் எனக்கு ஒன்றுதான். எனக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது. மூச்சு இளைப்பு உள்ளவர்களுக்கு மூக்கும் நெஞ்சும் மற்றவர்களைவிடக் கூர்மை. வேறு யாருக்கும் தெரியாத அளவு கசிந்தால்கூட பூரணி அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் மணம் வரும், அம்மா முகத்தைச் சுளிப்பார், எந்தப் பக்கம் என்று சொல்வார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அந்த அம்மா நல்லவர். அதையும் எழுதிவிட வேண்டும். பங்களாவுக்கு நான் போனால் சமையலறைப் பின்கட்டில் நிறுத்தாமல், முன்னறைக்கு அழைத்துத் தன் கையாலேயே காப்பி கொடுப்பார். "அலோசியஸ், ஒங்களுக்கும் இது பெரிய தலைவலியா இருக்கில்ல? நான் ஒருத்தி இழுத்து இழுத்து மூச்சு விடுறதால ஒங்க நேரமெல்லாம் போகுது" என்று ஒருநாள் சொன்னார். அந்தக் கசிவுக்காக வருத்தப்பட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

புதன்கிழமை காஸுக்குப் பதிலாக அமோனியாவை நிரப்பினேன். எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டேன். பக்கத்துக் கடை மூக்கனை அழைத்து ஏதாவது மணக்கிறதா என்று கேட்டேன். "பெட்ரோல் வாடதாண்ணே" என்றான். நான் நினைத்தது சரி; நிற்கும்போது கசியவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்குச் சோலைமலை காரை எடுக்க வந்தான். பூரணி அம்மா வேறு வண்டியில் ஹட்டன்வரை வந்து, அங்கே இதில் மாறி ஏறினார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"சரியாயிருச்சா அலோசியஸ்?" என்றார்.

"குளிர் வரும்மா. கினிகத்தேனை தாண்டுன பொறகு போடச் சொல்லுங்க. கண்ணாடிய மட்டும் எறக்காதீங்க."

அவர் சிரித்தார். "எறக்க மாட்டேன். எனக்குப் புழுதிதானே எமன்."

சோலைமலையைத் தனியாக அழைத்தேன். "ஏதாவது வாட வந்தா எந்தப் பக்கம்னு கவனிச்சுக்க. அம்மாகிட்டயும் கேட்டுக்க. கித்துல்கல ரெஸ்ட் ஹவுஸ்ல நிப்பாட்டி எனக்கு போன் பண்ணு. நான் மொதலாளிகிட்ட சொல்லணும், நீ கொழும்பு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி."

"என்னண்ணே வாட?"

"மெஷின் வாட. ஒனக்கே தெரியும்."

பிறகு மூக்கன் கடையில் போன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. ஒன்பதரைக்குள் கித்துல்கலவை அடைந்திருக்க வேண்டும். மனிதர்கள் ஒரு சின்ன வேலையைச் சொன்னால்கூடச் செய்வதில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. டீ குடிக்க இறங்கியிருப்பான், மறந்திருப்பான் என்று நினைத்தேன். மூக்கனிடம் அவனைத் திட்டியும் தீர்த்தேன். பத்து நாற்பதுக்கு மணி அடித்தது. சோலைமலையில்லை, கினிகத்தேனைக்குக் கீழே ஒரு தோட்டத்து ஆபீசிலிருந்து கிளார்க் ஒருவர் பேசினார். டிரைவர் உங்கள் பெயரைச் சொன்னார், கார் சரிவில் இறங்கிவிட்டது என்றார்.

நான் முதலில் கேட்ட கேள்வி, "எந்தப் பக்கமிருந்து வாட வந்திச்சாம்?" என்பது. கிளார்க்குக்குப் புரியவில்லை. அவரே உங்கள் முன்னால் அதைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார் என்று அறிந்தேன். அவர் சொன்னது உண்மை.

நடந்ததைச் சோலைமலை அன்று சாயந்திரம், என்னை உங்களிடம் கொண்டுவருவதற்கு முன், ஆஸ்பத்திரியில் சொன்னான். இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருந்தது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"குளிரப் போட்டு ரெண்டு வளைவுகூடத் தாண்டலண்ணே. பின்னால சீறுற சத்தம். அம்மா 'சோலை, நிப்பாட்டு'ன்னாங்க. அதுக்குள்ள கண்ணுல மொளகாய அரைச்சு அப்புன மாதிரி. ரோடு தெரியல. என் பக்கக் கண்ணாடிய எறக்கித் தலைய வெளிய நீட்டினேன். அப்புறந்தான் வண்டி எறங்கிருச்சு. அம்மா கத்துனது கேட்டுச்சு, அப்புறம் கேக்கல. அம்மா ஏண்ணே கண்ணாடிய எறக்கல? எறக்கியிருந்தா பொழச்சிருப்பாங்கல்ல?"

நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

தை மாதத்தில் ஒருமுறை அந்த அம்மாவைப் பின்சீட்டில் வைத்தே சோதனை ஓட்டம் போனோம். பாதி வழியில் நெஞ்சை அடைக்கிறது என்று கண்ணாடியை இறக்கிவிட்டார். வெளிக்காற்று கலந்து, குளிர் எவ்வளவு, எங்கே குறைகிறது என்று ஒன்றும் கணக்கிட முடியாமல் போனது. ஒரு நாள் வேலை வீண். கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. இந்த முறை அப்படி நடக்கவிடக் கூடாது என்று நினைத்தேன். கண்ணாடி இறங்கினால் மணம் கலைந்துவிடும்; எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே புதன்கிழமை சாயந்திரம் பின்கதவுகள் இரண்டிலும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆணிதான். சோலைமலை அதைக் கவனிக்கவில்லை. அம்மாவும் கவனித்திருக்கமாட்டார், அவர்தான் கண்ணாடியை இறக்கப்போவதில்லையே. உங்கள் சார்ஜண்ட் என் கராஜ் மேசையிலிருந்து எடுத்துப் போன பொட்டலத்தில் இருப்பவை அவைதான். லொறிச் சாமான் என்று எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. திருத்திக்கொள்ளவும்.

கதவைத் திறந்திருக்கலாமே என்பீர்கள். கார் இறங்கி நின்ற இடத்தில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ரப்பர் மரம். பின்கதவு இரண்டும் திறக்காதபடி நெருக்கிக்கொண்டன. அது நான் செய்ததல்ல.

மூக்கன் வேன் பிடித்துக் கொடுத்தான். நான் அங்கே போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி இருக்கும். தோட்டத்து ஆட்கள் பின்கண்ணாடியை உடைத்து அம்மாவை வெளியே எடுத்து, ஒரு சாக்கின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வலது கை விரல் நகங்கள் மட்டும் கிழிந்திருந்தன. கைப்பிடி இருந்த இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு முளையை அவர் விரல்களாலேயே திருகிப் பார்த்திருக்கிறார். விரலால் அது திரும்பாது. அதற்கு இடுக்கி வேண்டும்.

கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி, ராசம்மா என்று கூப்பிட்டார்கள், தன் தலைத்துண்டை எடுத்து அம்மாவின் முகத்தில் போட்டாள். "ஒங்க ஆளா அய்யா?" என்று என்னைக் கேட்டாள். "இல்ல, நான் கார் மெக்கானிக்" என்றேன்.

பிறகு டிக்கிக்குள் புகுந்தேன். அங்கிருந்தவர்கள் உள்ளே இன்னொரு ஆள் மாட்டியிருக்கிறார், நான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் என் காலைப் பிடித்து உதவிகூடச் செய்தார்கள். கண் எரிந்தது, தண்ணீராகக் கொட்டியது. மோதிய வேகத்தில் பின்சீட்டுத் தகரம் மடங்கி வாய் பிளந்திருந்தது. என்னை வெட்டவிடாத அதே தகரம். உள்ளே பதினேழாவது மூட்டு தெரிந்தது. இடது பக்கம், காற்றுத் துவாரத்துக்கு நாலு அங்குலம் கீழே. செம்பைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் படிந்து, நடுவில் தலைமுடி அளவு வெடிப்பு. நான்கு மாதம் தேடியது அது. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலிருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

எனக்கு அந்த அம்மாமேல் எந்தப் பகையும் கிடையாது. முதலாளிமேலும் கிடையாது. கெட்ட எண்ணத்தோடு செய்கிறவன்தான் குற்றவாளி என்று பாதர் கோயிலில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் எண்ணத்தில் கசிவைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அமோனியாவை நிரப்பியது நான். கைப்பிடிகளைக் கழற்றியது நான். மூச்சுவிட முடியாத ஒருவரைத் தெரிந்தே அந்தச் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியதும் நான். சட்டத்தில் இதற்கு என்ன பெயரோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. டிக்கியிலிருந்து வெளியே வந்தபோது முதலாளி வந்து சேர்ந்திருந்தார். சாக்குக்குப் பக்கத்தில் மண்ணில் முழந்தாளிட்டிருந்தார். போலீஸ்காரர்கள் வந்தார்கள், டாக்டர் வந்தார், பிறகு என்னை உங்களிடம் கொண்டுவந்தார்கள். இத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்டீர்கள். கசிவு எங்கே இருந்தது என்று மட்டும் இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.